டல்சாவில் ஓர் இஷாப்பூர் ரைஃபிள்

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை வானன்மேக்கர் ஆயுதக் கண்காட்சி நடக்கிறது. எக்ஸ்போ ஸ்கொயர் மைதானத்தில், நடுவில் தூணே இல்லாத ஒரு பிரம்மாண்டக் கட்டடம், ஒரே கூரையின் கீழ் 11 ஏக்கர், 4,200 மேஜைகள். வாசலில் 75 அடி உயரத்துக்கு எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி சிலை ஒன்று நிற்கிறது, 1966இல் பெட்ரோலியக் கண்காட்சிக்காக நிறுத்தினார்களாம், அதை வைத்துத்தான் வண்டி நிறுத்திய இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். டல்லாஸ் பக்கம் இருக்கிற எங்களுக்கு நாலு மணி நேர ஓட்டம். காலையில் இருட்டோடு கிளம்பினால் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

வாங்கத்தான் போனேன், வேடிக்கை பார்க்க இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவ்வளவு பெரிய இடத்துக்கு "போய்ப் பார்ப்போம், பிடித்தால் எடுப்போம்" என்று போகிறவர்கள் பெரும்பாலும் பத்தாவது வரிசையிலேயே களைத்துப்போய், தேவையில்லாத எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் தேடிப்போனது ஒரே ஒரு பொருள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 ரைஃபிள்.

நம் ஊர்க் காவலர்கள் தோளில் மாட்டியிருந்த .303 ரைஃபிளை நம்மில் பலர் பார்த்திருப்போம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில், வங்கிப் பண வண்டிக்குப் பக்கத்தில். அது லீ-என்ஃபீல்டு, பிரிட்டிஷ் வடிவமைப்பு. 1962 சீனப் போருக்குப் பிறகு, ராணுவம் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில், இஷாப்பூர்க்காரர்கள் அந்தப் பழைய வடிவத்தையே எடுத்து, புதுத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குகிற மாதிரி உறுதியான எஃகில் புதிதாகச் செய்ததுதான் 2ஏ. அடுத்து, குறிவைக்கும் தூரத்துக்கான அளவுகோலை 800 மீட்டராகச் சுருக்கியது 2ஏ1. ஒவ்வொரு முறையும் போல்ட் என்கிற தாழைக் கையால் இழுத்துத் திறந்து மூடிச் சுடுவதுதான் போல்ட் ரைஃபிள்; ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய் கைக்கென்று வடிவமைத்த அப்படிப்பட்ட கடைசி ரைஃபிள்களில் ஒன்று இது. பின்னாளில் இவை மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்கு இறக்குமதியாகி மிக மலிவாக விற்றன. அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இப்போது நல்லது ஒன்று கிடைக்க அலைய வேண்டியிருக்கிறது.

இங்கே நிறுத்தி, நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹெச்1பி, எல்1, எஃப்1 மாதிரியான தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இது மத்தியச் சட்டம். ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு விதிவிலக்கு உண்டுதான், ஆனால் அதை யாரோ சொன்னார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். பல வருடம் கஷ்டப்பட்டு நகர்த்திக்கொண்டிருக்கிற குடியுரிமை விஷயத்தை ஒரு படிவத்தில் தவறாகப் போட்ட டிக் கவிழ்த்துவிடும், வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். நானும் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பக்கமே தலைவைத்தேன்.

கண்காட்சிக்குள் துப்பாக்கி கொண்டுவருகிறவர்கள், விற்கவோ மாற்றிக்கொள்ளவோ பலர் கொண்டுவருவார்கள், வாசலிலேயே காட்ட வேண்டும். தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, இயங்க முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே மேஜையில் இருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு கம்பியோ பட்டையோ ஓடியிருக்கும். அப்படியிருந்தும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைக் கடைப்பிடிக்காதவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. கேட்காமல் எதையும் தொடக் கூடாது. எடுத்தால் முதல் வேலை போல்டைத் திறந்து உள்ளே காலியா என்று கண்ணால் பார்ப்பது, விற்கிறவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நாமும் பார்ப்பது. குழல் முனை எந்த மனிதரையும் நோக்கித் திரும்பக் கூடாது. அவ்வளவு கூட்டத்தில் இது சுலபமில்லை, அதனால் கூரையையோ தரையையோ பார்க்கிற மாதிரி பிடித்துக்கொள்வேன். விசையைத் தட்டிப்பார்க்க வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இரும்பில் கை பட்ட இடத்தில் வியர்வை உப்பு துருவாகும் என்பதால், திருப்பித் தருவதற்கு முன் ஒரு துணியால் துடைத்துத் தருவது வழக்கம். ஒரு முறை அப்படித் துடைத்துக் கொடுத்தால் போதும், எதிரில் இருக்கிறவர் முகம் மாறிவிடும், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

முதல் சுற்றில் பர்ஸைத் தொடுவதில்லை என்பது என் பழக்கம். 4,200 மேஜைகளையும் ஒரு நாளில் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அதனால் கோடியிலிருந்து ஆரம்பித்து, ராணுவப் பழசு இருக்கிற மேஜைகளை மட்டும் ஒரு நோட்டில் வரிசை எண்ணோடு குறித்துக்கொண்டே போனேன். நடுநடுவே கால் தானாக நிற்கிற இடங்கள் உண்டு. 1898க்கு முன் செய்த பழைய வின்செஸ்டர்கள் ஒரு மேஜை முழுக்க இருந்தன. அந்த வருடம் வரை செய்தவை மத்தியச் சட்டப்படி தொன்மைப் பொருள் கணக்கு, அதனால் துப்பாக்கி வாங்குகிற படிவமே வேண்டாம். இன்னொரு பக்கம் 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள்களுக்கு மட்டும் ஒருவர் மேஜை போட்டிருந்தார். அந்த வருடம் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள், அதிலிருந்து சேகரிப்பாளர்களுக்கு முந்தையதுதான் உசத்தி. கத்திகள், தோல் உறைகள், தோட்டா தயாரிக்கிற கைப்பிரஸ்கள், பழைய உதிரி பாகங்கள் குவித்த பெட்டிகள். இந்தப் பெட்டிகளைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வேறெங்கேயும் கிடைக்காத ஒரு திருகாணியைத் தேடி நூறு மைல் வருகிறவர்கள் அங்கே குனிந்து நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் தேடியது முதலில் கண்ணில் பட்டது மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், லைசென்ஸ் உள்ள ஒரு டீலரின் மேஜையில். கொக்கியில் தொங்கிய அட்டையில் "303இலிருந்து மாற்றியது" என்று எழுதியிருந்தது. இது பரவலாகப் பரவியிருக்கிற தப்பு. 2ஏ1 எதிலிருந்தும் மாற்றியதில்லை, முதலிலிருந்தே 7.62க்காகச் செய்தது. அட்டையில் தப்பு இருந்தால் பொருளும் தப்பு என்று அர்த்தமில்லை, சில சமயம் நமக்கு லாபமாகக்கூட முடியும், அதனால் எடுத்துப் பார்த்தேன். போல்டில் ஒரு எண், உடம்பில் வேறொரு எண். லீ-என்ஃபீல்டில் போல்டை அந்தந்த உடம்புக்குப் பொருத்திச் சரிசெய்வார்கள், எண் மாறினால் தோட்டா உட்காரும் இடத்தின் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் போட்டுப் பார்க்காமல் சுடவே கூடாது. டீலரிடம் கேட்டேன், அளவுகோல் இல்லை என்றார். மரத்தில் கெட்டியாக புது வார்னிஷ் வேறு. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டாவது கிடைத்தது டீலரிடம் இல்லை, ஒரு தனி மனிதரிடம். எழுபது வயதைத் தாண்டியவர், ரிட்டயர்டு ரயில்வேக்காரர், டல்சாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மேஜை முழுக்க காமன்வெல்த் நாடுகளின் ரைஃபிள்கள், ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து, ஓரத்தில் இரண்டு இந்தியா. வாங்கலாமா என்று கேட்பதற்கு முன், இதைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தானே போல்டைத் திறந்து காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்.

கைப்பிடிக்கு மேலே உலோகப் பட்டையில் அசோகச் சிங்கங்கள், அதன் கீழ் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையைக் குறிக்கிற ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்து, கீழே 7.62 மி.மீ. 2ஏ1, வருடம் 1967. முத்திரை ஆழமாக, கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தது, அடித்தவர் கை அவசரம் அதில் தெரிந்தது. தோட்டா அடுக்குகிற மேகசின் இதில் 12 தோட்டா, பழைய .303இல் பத்து. பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தாலே இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி ஓடுகிறது, மரம் பிளக்காமல் பிடிக்க இந்தியாவில் சேர்த்தது, சேகரிப்பாளர்கள் அதையே இஷாப்பூர் திருகு என்றுதான் சொல்கிறார்கள். போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் எண்ணைப் பார்த்தேன், உடம்பில் இருந்த எண்ணோடு சரியாக ஒத்துப்போனது. சின்ன விளக்கைப் பின்னாலிருந்து விட்டுக் குழலைப் பார்த்தால், குண்டைச் சுழற்றி அனுப்புகிற உள்வரிகள் கூர்மையாக, பளிச்சென்று, நடுவில் மட்டும் லேசான ஒரு கறுப்பு. முனையில் தேய்வு இல்லை. சுத்தம் செய்கிற கம்பியையோ சங்கிலியையோ வருடக்கணக்கில் முனையிலிருந்து இழுத்தால் அங்கேதான் முதலில் தேயும், குறி அங்கேதான் கெடும், அதனால் நான் எப்போதும் அங்கே அதிக நேரம் பார்ப்பேன். மரத்தில் தோள் பட்டு மழுங்கிய ஓரங்கள், ஆயுத அறையில் எந்த அடுக்கு என்று யாரோ ஆணியால் கீறிய ரேக் எண். புது வார்னிஷ் எதுவும் இல்லை. குழலில் இறக்குமதிக்காரரின் பெயர் சின்னதாகப் பொறித்திருந்தது, அது சட்டப்படி இருக்க வேண்டியதுதான், சேகரிப்பாளர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது உறுத்தவில்லை.

நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்து வைத்தார். பார்க்க .303 மாதிரியே இருக்கும், ஆனால் குழலின் உள்ளே வரிகளே இல்லை, வழவழவென்று குடைந்து .410 தோட்டாவுக்கு மாற்றியது. சிறைக் காவலுக்கும் கலவரக் காவலுக்கும் என்று இப்படிச் செய்தார்கள். "இதை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் இதற்குள்தான் உங்கள் நாட்டு வரலாறு இருக்கிறது" என்றார். அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. வரிகளை அழித்துவிட்டால் ராணுவ ரைஃபிளாக அதைத் திருப்பிப் பயன்படுத்த முடியாது, காவலன் கையிலிருந்து பறிபோனாலும் பாதிப்பு குறைவு. ஆள்கிறவர்கள் யாரை நம்பவில்லை என்பது அந்தக் குழலுக்குள் எழுதியிருக்கிறது. இதை அவரும் நானும் வெகு நேரம் பேசினோம், நடுவில் வந்த இரண்டு பேரை அவர் கையாலேயே காத்திருக்கச் சொன்னார்.

சரி, விலை. அட்டையில் 650 டாலர். வாயில் வந்ததைச் சொல்லி அடித்துக் கேட்பது எனக்குப் பிடிக்காது, அவருக்கும் பிடிக்காது என்று தெரிந்தது. எண் ஒத்துப்போகிறது, குழல் நல்லது, மரத்தில் பின்பக்கம் ஒரு ரிப்பேர் இருக்கிறது என்று நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன், 560 கேட்டேன். அவர் 590 என்றார். கைகொடுத்தேன். கார்டு என்றால் பலர் மூன்று சதவீதம் கூடப் போடுவார்கள், தனி மனிதர்கள் கார்டே வாங்க மாட்டார்கள், அதனால் பணமாகக் கொண்டுபோவதுதான் வசதி.

ஆனால் பணத்தைக் கொடுத்து ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, என் விஷயத்தில் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. அவர் ஓக்லஹோமாக்காரர், நான் டெக்ஸஸ்காரன். இரண்டு தனி மனிதர்கள் வேறு வேறு மாநிலத்தில் இருந்தால் நேராகக் கைமாற்றக் கூடாது, நடுவில் லைசென்ஸ் உள்ள டீலர் வர வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் மாதிரி நீளத் துப்பாக்கி என்றால் இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒத்துப்போகிறவரை ஓக்லஹோமா டீலரே அங்கேயே படிவம் போட்டுத் தரலாம். இதுவே கைத்துப்பாக்கி என்றால் அதுவும் முடியாது, டெக்ஸஸில் இருக்கிற ஒரு டீலருக்கு அனுப்பி, அங்கே போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு விழிக்கிறவர்களை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கலாம்.

பெரியவரே எழுந்து இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒரு டீலர் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனார், 25 டாலர் கட்டணம். டீலர் முதலில் ரைஃபிளைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார், அப்புறம் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, பிறந்த ஊர், எந்த நாட்டுக் குடியுரிமை, கிரீன் கார்டில் இருக்கிற எண். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற முகவரியும் இப்போது குடியிருக்கிற முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், வீடு மாறி உரிமத்தை மாற்றாதவர்கள் அரசு கொடுத்த வேறு ஆவணம் காட்ட வேண்டும். அதற்கு அப்புறம் வருகிற ஆமாம்-இல்லை கேள்விகளை ஒவ்வொன்றாக, விரலை வைத்துப் படித்துப் போட்டேன். உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது முதல் கேள்வி. வாங்க முடியாத நண்பனுக்காகத் தன் பெயரில் வாங்கிக்கொடுப்பது பெரிய குற்றம், சிறை உண்டு. கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி. ஓக்லஹோமா 2018லேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்துவிட்டது, வழியெல்லாம் கடைகள், ஆனால் மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி அது குற்றமே என்று படிவத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்.

பிறகு என்.ஐ.சி.எஸ். சோதனை, அதாவது வாங்குகிறவரின் பின்னணியைப் பார்ப்பது. எஃப்.பி.ஐ. நடத்துவது, 1998 நவம்பரில் ஆரம்பித்தது. மூன்று பதிலில் ஒன்று வரும்: கொடுக்கலாம், தாமதம், மறுப்பு. பெயர்க் குழப்பம் நமக்கு அதிகம், அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் தாமதம் வர வாய்ப்பு உண்டு, பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் இருப்பதையே எழுதுங்கள். எனக்குக் கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது.

ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் என்றால் ஓக்லஹோமாவில் இந்தப் படிவமும் சோதனையும் இல்லாமலேயே கைமாற்றலாம், இதைச் சுற்றி இந்த நாட்டில் பெரிய சண்டையே நடக்கிறது. என் கருத்து இதில் தெளிவானது. விற்கிறவனுக்கு வாங்குகிறவன் யாரென்று தெரிய வேண்டும், சோதனை இல்லாமல் நான் வாங்க மாட்டேன், விற்கவும் மாட்டேன். கையெழுத்துப் போட ஆகிற நேரமும் 25 டாலரும் எனக்குப் பெரிய பாரமில்லை. அந்தப் பெரியவரும் சொந்த மாநிலத்துக்காரரானாலும் டீலர் வழியாகத்தான் கொடுப்பாராம், அதனால் சில வியாபாரம் போயிருக்கிறது, போகட்டும் என்றார்.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பையில் கட்டி, கையால் நிரப்பியது என்று மலிவாக விற்பார்கள். யார் நிரப்பினார், எவ்வளவு வெடிமருந்து போட்டார் என்று தெரியாத தோட்டாவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெடிக்கக் கூடாது, விலை எவ்வளவு குறைவானாலும். 2ஏ1க்கு 7.62 நேட்டோ தோட்டா, தொழிற்சாலைப் பெட்டியில் வந்தது மட்டும். வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் .308 வெளி அளவில் கிட்டத்தட்ட அதேதான், இரண்டும் ஒன்று என்று மேஜைக்கு மேஜை அடித்துச் சொல்வார்கள். இரண்டின் அழுத்த வரையறையும், தோட்டா உட்காரும் அறையின் அளவும் வேறு வேறாக வகுத்தவை. பழைய ரைஃபிள், நான் நேட்டோவோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து இடைவெளியை அளந்த பிறகுதான் சுடுவேன், எண் ஒத்துப்போனாலும் சரி.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேஃப் வாங்கிச் சுவரில் திருகி வைத்த பிறகுதான் ரைஃபிள் தேடவே ஆரம்பித்தேன், போல்ட் தனி, தோட்டா வேறு அறையில் தனிப் பூட்டு. 590 டாலர் ரைஃபிளுக்கு அதைவிடக் கூட விலையில் சேஃபா என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம்.

டல்சா வரை போகிறவர்கள் இன்னும் அரை மணி நேரம் ஓட்டி கிளேர்மோர் ஊருக்கும் போய்விட்டு வாருங்கள். ஜே.எம். டேவிஸ் என்ற ஹோட்டல்காரர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த துப்பாக்கிகள் அங்கே மியூசியமாக இருக்கின்றன, 12,000க்கும் மேல். மேஜையில் ஒரு பொருளைப் பார்த்து "இது அசல்தானா" என்று சந்தேகம் வந்தால், அதன் சரியான வடிவம் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது, முடிந்தால் கண்காட்சிக்கு முந்தின நாளே போங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த .410க்கு நவம்பரில் வருகிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன், வேறு யாரும் கேட்காவிட்டால் எடுத்துவைக்கிறேன் என்றிருக்கிறார்.